ஐந்து பேர் பங்கில் ஒரு பழைய விமானம்: எஞ்சின் செய்வதா, விற்பதா, பிரித்துப் போடுவதா?

கல்லடியான்

எல்லாருக்கும் வணக்கம். வேளாண்மையும் வாவியும் கோயில் திருவிழாவும் பேசுகிற இடத்துக்கு விமானக் கதையோடு வருகிறேன், குறை நினைக்க வேண்டாம். நம் ஆட்கள் நாலு திசையிலும் இருக்கிறார்கள், யாராவது இதில் அடிபட்டிருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் கேட்கிறேன்.

இங்கிலாந்தில் வேலை செய்த காலத்தில் பறக்கப் பழகினேன். பிறகு நான்கு பேரோடு சேர்ந்து ஒரு பைப்பர் ஆர்ச்சர் வாங்கினோம். பிஏ-28-181, 1978 மொடல், நாலு இருக்கை, 180 குதிரைவலு லைக்கொமிங் எஞ்சின். ஐந்து சம பங்கு. நான் ஓய்வு பெற்றுக் கல்லடிக்கே வந்துவிட்டேன், பங்கு அங்கேயே கிடக்கிறது. தரிப்பிட வாடகை, காப்புறுதி, வருடாந்தப் பரிசோதனை எல்லாவற்றுக்குமாக ஆளுக்கு மாதம் 110 பவுண்டு. நம்மூர்க் காசில் 40,000 ரூபாய்க்கு மேல், ஏறிப் பார்க்காத ஒரு சாமானுக்கு.

இப்போது சிக்கல். எஞ்சினைக் கடைசியாக ஓவர்ஹோல், அதாவது முழுக்கப் பிரித்துப் புதுப்பித்து, 12 வருடம் கடந்துவிட்டது. போன எண்ணெய் மாற்றத்தில் ஃபில்டரில் இரும்புத் துகள் வந்திருக்கிறது. ஓவர்ஹோலுக்குக் கேட்கும் விலை 30,000 பவுண்டுக்கு மேல். பறப்புத்தகுதிச் சான்றிதழ் மே மாதம் முடிகிறது. இரண்டு பேர் எஞ்சினைச் செய்வோம் என்கிறார்கள், இரண்டு பேர் விற்போம் என்கிறார்கள். ஐந்தாவது வாக்கு என்னுடையது. இரண்டு பக்கமும் வாட்ஸப்பில் தனித்தனியாக என்னோடுதான் கதைக்கிறார்கள்.

என்ன செய்யலாம்?

ஆரையம்பதி இளசு

அண்ணன், இதெல்லாம் ஒரு கேள்வியா? இங்கே கொண்டு வாங்க! திமிலைத்தீவில் ஓடுபாதை இருக்குதானே. பாசிக்குடா மேலால ஒரு சுற்று, ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கினால் காசு கொட்டும்.

இல்லாவிட்டால் மாதக் காசைக் கட்டாமல் விடுங்க. இங்கே வந்து யார் கேட்கப் போகிறார்கள்?

களுவாஞ்சிக்குடி மெக்கானிக் (தோஹாவில் இருந்து)

தம்பி, ஆசை நல்லதுதான். இறக்கையைக் கழற்றிக் கொள்கலனில் ஏற்ற வேண்டும், இங்கிலாந்துப் பதிவை நீக்கி இலங்கையின் 4ஆர் பதிவு எடுக்க வேண்டும், சுங்கம் கடக்க வேண்டும், காசு வாங்கி ஆள் ஏற்றத் தனி அனுமதி வேண்டும். இதெல்லாம் முடிந்தாலும் அந்த எஞ்சின் குடிப்பது ஈயம் கலந்த விமானப் பெற்றோல். பெரிய விமானத்துக்கு ஊற்றும் எண்ணெயை இதற்கு ஊற்ற முடியாது. இந்தக் கதையை இத்தோடு விடுவோம்.

கல்லடியான் அண்ணன், முதலில் எஞ்சின். 2,000 மணி அல்லது 12 வருடம், எது முந்துகிறதோ அது என்பது தயாரித்த கம்பனியின் பரிந்துரை. சொந்தப் பாவனை விமானத்தை, நிலைமையைச் சோதித்துச் சோதித்து அதற்கு மேலும் ஓட்ட இங்கிலாந்தில் இடமுண்டு. ஆகவே 12 வருடம் முடிந்ததற்காக மட்டும் யாரும் எஞ்சினைக் கழற்ற வேண்டியதில்லை. இரும்புத் துகள்தான் வேறு கதை. எவ்வளவு, எப்படிப்பட்டது? வருடத்துக்கு எத்தனை மணி பறக்கிறது? குளிர் காலத்தில் வெளியிலா நிற்கிறது?

கல்லடியான்

ஐந்து பேரும் சேர்ந்து வருடத்துக்கு 40 மணி பறந்தால் பெரிய விஷயம். முன்பு அதைப்போல மூன்று மடங்கு பறந்தோம். எல்லாருக்கும் வயது, முழங்கால், பேரப்பிள்ளை. குளிருக்கு வெளியில்தான் நிற்கிறது, மேலே ஒரு உறை மட்டும்.

ஃபில்டர் படம் அனுப்பியிருந்தார்கள். தகர உறையை வெட்டி, உள்ளே மடித்த கடதாசியை விசிறி போல விரித்து வெள்ளைத் துணியில் வைத்திருக்கிறார்கள். மடிப்புகளுக்குள் கறுத்த எண்ணெய்க்கு நடுவே ஊசி முனை அளவில் மினுக்கம். காந்தத்தை மேலால் இழுத்ததும் அதன் நுனியில் மயிர் முளைத்த மாதிரி எழும்பி நிற்கிறது.

களுவாஞ்சிக்குடி மெக்கானிக்

காந்தத்தில் பிடிக்கிறது என்றால் உருக்கு. அலுமினியம் என்றால் பிடிக்காது. என் சந்தேகம் கேம் ஷாஃப்டும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) அதைத் தொட்டு ஓடும் தட்டைகளும்.

இந்த எஞ்சினில் கேம் ஷாஃப்ட், பிஸ்டன்கள் சுழற்றும் பெரிய தண்டான கிராங்குக்கு மேலே இருக்கிறது. விமானம் நின்றுவிட்டால் எண்ணெய் மெல்ல மெல்லக் கீழே வடிந்துவிடும், கேம் காய்ந்து நிற்கும். ஈரக் குளிரில் மெல்லிய துரு பிடிக்கும். அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது துரு பிடித்த இடத்தில் உரசி, தட்டையின் முகம் கொத்துக் கொத்தாகப் பெயரும். நிறையப் பறந்து தேய்ந்ததை விட நின்று கெட்டதுதான் இந்த வகை எஞ்சினில் அதிகம்.

சிலர் குளிர் காலத்தில் தரையிலேயே பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நிற்பாட்டுவார்கள், எஞ்சினுக்கு நல்லது என்று. அது கெடுதல். எண்ணெய் ஈரம் ஆவியாகிற அளவுக்குச் சூடாகாது, எரிவதில் வரும் நீராவி மட்டும் உள்ளே சேரும்.

அப்புறம் இறக்கை. 2018 ஏப்ரலில் புளோரிடாவின் டேடோனா பீச்சில் ஒரு பைப்பர் ஏரோவின் இறக்கை பறப்பிலேயே கழன்று இரண்டு பேர் இறந்தார்கள். இறக்கையைத் தாங்கும் ஸ்பார் சட்டத்தின் போல்ட் துளையில் களைப்பு வெடிப்பு, திரும்பத் திரும்பச் சுமை ஏறி இறங்குவதால் வருவது. உங்கள் ஆர்ச்சரின் ரகமும் 1987-இல் டெக்சாஸில் எண்ணெய்க் குழாய்த் தடத்தைப் பார்த்துத் தாழப் பறந்தபோது அப்படி இறக்கை இழந்திருக்கிறது. அதனால் 2021 பெப்ரவரி முதல் அமெரிக்க விமான நிர்வாகத்தின் கட்டாய ஆணை ஒன்று இருக்கிறது: கணக்கிட்ட பாவனை 5,000 மணியைத் தாண்டினால் கீழ்ப்பக்கப் போல்டைக் கழற்றித் துளைகளைச் சுழல் மின்னோட்டக் கருவியால் பார்க்க வேண்டும். ஆணை அமெரிக்காவினுடையது, ஆனால் விமானம் அந்த நாட்டு வடிவமைப்பு என்பதால் இங்கிலாந்துப் பதிவுக்கும் செல்லும்.

உங்களுடையது எத்தனை மணி ஓடியது? முன்பு பயிற்சிப் பள்ளியில் இருந்ததா?

கல்லடியான்

மொத்தம் 9,000 மணிக்குக் கிட்ட. எங்களுக்கு முன் நீண்ட காலம் பயிற்சிப் பள்ளியில்தான். இந்த ஆணையைப் பற்றிக் குழுவில் கதை வந்தது, "பிறகு பார்ப்போம்" என்று போய்விட்டது.

களுவாஞ்சிக்குடி மெக்கானிக்

இதைப் பிறகு பார்க்க முடியாது, இதை வைத்துத்தான் விலையே. கணக்கு இப்படி. அமெரிக்க விதிப்படி, காசுக்குப் பயிற்சி கொடுக்கவும் ஆள் ஏற்றவும் ஓடிய விமானத்துக்கு 100 மணிப் பரிசோதனை கட்டாயம். லொக் புத்தகத்தில் (விமானத்தின் பறப்பு, பராமரிப்புப் பதிவு) அப்படி எத்தனை இருக்கிறதோ அதை 100-ஆல் பெருக்குங்கள். மிச்ச மணிகளை 17-ஆல் வகுத்துக் கூட்டுங்கள்.

9,000 மணியில் அப்படி 40 பரிசோதனை என்றால் 4,000. மிச்சம் 5,000-ஐ 17-ஆல் வகுத்தால் 294. மொத்தம் 4,294, தப்பினீர்கள். 60 பரிசோதனை என்றால் 6,000, அதோடு 176. கண்டிப்பாகப் போல்ட் கழற்ற வேண்டும். ஒரே வயது, ஒரே மணி, இரண்டு விதி. லொக் புத்தகம் தொலைந்து கணக்குப் பார்க்க முடியாவிட்டால் பரிசோதனைதான்.

30,000 பவுண்டைக் கொட்டி எஞ்சினைச் செய்த பிறகு துளையில் வெடிப்பு என்று வந்தால்? முதலில் பழைய லொக் புத்தகங்களைத் தேடச் சொல்லுங்கள்.

வாவிமகள்

நான் கணக்காளர், விமானம் தெரியாது. நீங்கள் சொன்ன எண்களை வைத்துப் போட்டுப் பார்த்தேன்.

110 பவுண்டு, ஐந்து பேர், 12 மாதம்: 6,600. அதை 40 மணிக்குப் பிரித்தால் மணிக்கு 165 பவுண்டு. இது எரிபொருள் ஒரு துளி ஊற்றுவதற்கு முன். மணிக்கு எத்தனை லீட்டர் போகும் ஐயா?

கல்லடியான்

38 லீட்டர் அளவில், பிள்ளை. லீட்டர் 2 பவுண்டுக்கு மேல் போகிறது.

வாவிமகள்

அப்போ இன்னும் 80, 90. மணிக்கு 250 ஆகிறது. இதில் எஞ்சின் காசு சேரவில்லை. 30,000-ஐ அடுத்த 12 வருடத்துக்குப் பரப்பினால், 12 வருடத்தில் 480 மணி, மணிக்கு 62 பவுண்டு. மொத்தம் 310-க்கு மேல். கிளப்பில் வாடகைக்கு எடுத்தால் எவ்வளவு?

கல்லடியான்

அதைவிடக் குறைவு. வாடகை விமானம் என்றால் எஞ்சின் எங்கள் தலைவலியும் இல்லை.

வாவிமகள்

பிறகு எதற்கு ஐயா இவ்வளவு யோசனை?

ஸ்கார்பரோ செட்டிபாளையம்

தங்கச்சி, சொந்த விமானம் கணக்குப் புத்தகத்துக்கு அடங்காது. சனிக்கிழமை காலை வானம் வெளித்தால் யாரையும் கேட்காமல் சாவியை எடுத்துக்கொண்டு போகலாம். கிளப்பில் பெயர் எழுதிக் காத்து நின்று, ஒரு மணித்தியாலத்தில் திருப்பிக் கொடு என்பார்கள். நானும் இங்கே ஒரு செஸ்னாவில் பங்கு வைத்திருக்கிறேன், தெரிந்துதான் சொல்கிறேன்.

என் வாக்கு எஞ்சினைச் செய்வதற்கு. புது ஆர்ச்சர் வாங்கப் பல இலட்சம் டொலர் வேண்டும். 30,000-இல் இன்னும் 2,000 மணி கிடைக்கிறதே. கனடாவில் உரிமையாளர் தானே பராமரிக்கும் பிரிவு ஒன்றும் இருக்கிறது, சில பழைய ரகங்களை அதில் போட்டுச் செலவைக் குறைக்கிறார்கள்.

களுவாஞ்சிக்குடி மெக்கானிக்

அண்ணன், வருடம் 40 மணி பறப்பவருக்கு 2,000 மணி என்றால் 50 வருடம். அந்தக் கணக்கில் எஞ்சின் மணியால் சாகாது, மறுபடியும் துருவால்தான் சாகும். நின்றதால் கெட்ட எஞ்சினைப் புதிதாக்கி மறுபடி நிற்கவே வைக்கப் போகிறார்கள்.

கனடாப் பிரிவு கனடாப் பதிவுக்கு மட்டும். அதில் போட்ட விமானம் அமெரிக்க எல்லையைத் தாண்ட முடியாது, திரும்பப் பழைய பிரிவுக்குக் கொண்டுவருவதும் பெரும்பாடு. உங்களுக்குத் தெரியாததில்லை.

ஸ்கார்பரோ செட்டிபாளையம்

தெரியும் தம்பி. ஆனாலும் என் வாக்கு அதுதான். 😀

ஹரோ மட்டுநகரான்

இங்கே ஒரு பறக்கும் குழுவில் காரியதரிசி வேலை பார்த்திருக்கிறேன். இரண்டு விஷயம்.

முதலாவது, "காசு கட்டாமல் விடுங்க" என்று இளசு சொன்னது. தயவுசெய்து வேண்டாம். விமானம் தரையில் இருக்கிற யாருக்காவது, எதற்காவது சேதம் செய்தால், உரிமையாளர் பக்கம் கவனக்குறைவு இருந்ததா என்று சட்டம் கேட்பதில்லை. 1982-ஆம் ஆண்டின் சிவில் விமானப் போக்குவரத்துச் சட்டம், 76-ஆம் பிரிவு. நீங்கள் கல்லடியில் படுத்திருந்தாலும் பங்காளிதான். ஆர்ச்சர் 1,157 கிலோ, 1,000 கிலோவைத் தாண்டியதால் மூன்றாம் தரப்புக் காப்புறுதிக்கும் உயர்ந்த வரம்பு. நீங்கள் கட்டாமல் விட்டுக் காப்புறுதி நின்றுபோனால் மற்ற நாலு பேரையும் சேர்த்து இழுத்துவிடுவீர்கள்.

இரண்டாவது, குழு ஒப்பந்தத்தை எடுத்து வாசியுங்கள். விற்க எத்தனை வாக்கு, பெரிய செலவுக்கு எத்தனை வாக்கு, பங்கை வெளியாருக்கு விற்க முன் உள்ளே கேட்க வேண்டுமா? ஒன்றும் எழுதவில்லை என்றாலும் வழி உண்டு. கூட்டாக உள்ள அசையும் சொத்தில் பாதியோ அதற்கு மேலோ பங்குள்ளவர்கள் அதைப் பிரிக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம், 1925-ஆம் ஆண்டின் சொத்துச் சட்டம் 188-ஆம் பிரிவு. ஐந்தில் மூன்று பேர் என்றால் போதும். நீங்கள் எந்தப் பக்கம் சாய்கிறீர்களோ அந்தப் பக்கம் மூன்று. நீதிமன்றம் வரை போகாதீர்கள், வழக்குக் கூலி விமானத்தின் விலையைத் தின்றுவிடும். ஆனால் அப்படி ஒரு கதவு இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தால் பேச்சு ஒழுங்காக நடக்கும்.

நிந்தவூர் காக்கா

எல்லாம் வாசிச்சேன். எனக்கு ஆகாயத்தில் ஓடுறது தெரியாது, வட்டைக்குள் ஓடுறது தெரியும்.

நாங்கள் நாலு பேர் கூட்டாக ஒரு வெட்டு மெசின் வைத்திருந்தோம். நல்லாத்தான் ஓடியது. பிறகு ஒருத்தர் கட்டாருக்குப் போனார், ஒருத்தர் கடை போட்டார். சங்கிலிப் பட்டி தேய்ந்து, எஞ்சின் எண்ணெய் குடிக்கத் தொடங்கியது. இரண்டு பேர் "செய்வோம்", இரண்டு பேர் "விற்போம்". ஒரு போகம் முழுக்க மரத்தடியில் நின்றது, விலை பாதியாகப் போனது. சொந்தக்காரன் சண்டை வேறு.

கடைசியில் எங்கள் மாமா ஒருத்தர் வந்து தீர்த்தார். செய்வோம் என்கிறவர்களைப் பார்த்து, "இதுக்கு ஒரு விலை சொல்லுங்க. அந்த விலைக்கு நீங்கள் இவர்கள் பங்கை எடுப்பீர்களா, இல்லாவிட்டால் அதே விலைக்கு உங்கள் பங்கைக் கொடுப்பீர்களா என்று இவர்கள்தான் முடிவு சொல்வார்கள்" என்றார். கூட்டிச் சொன்னால் தானே வாங்க வேண்டும், குறைத்துச் சொன்னால் தானே விற்க வேண்டும். ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் சரியான விலை வந்தது.

உங்கட கதையிலும் அதுதான். எஞ்சினைச் செய்யணும் என்கிற இரண்டு பேர் யாருடைய காசில் செய்யணும் என்கிறார்கள்? ஐந்து பேர் காசில் என்றால் நானும் செய்யத்தான் சொல்வேன்.

இன்னொன்று, எங்களிடம் மெசினுக்கு விலை கிடைப்பது பெரும்போக அறுவடைக்கு முன்னால். அறுவடை முடிந்தால் ஒருத்தனும் எட்டிப் பார்க்க மாட்டான். அங்கேயும் ஒரு போகம் இருக்கும்தானே?

ஹரோ மட்டுநகரான்

காக்கா சரியாகப் பிடித்தார். இங்கே போகம் வசந்த காலம். மார்ச், ஏப்ரலில் வாங்குகிறவன் கோடை முழுக்கப் பறக்கலாம் என்று பார்ப்பான். ஒக்டோபரில் வாங்குகிறவன் பனிக்குள் நிறுத்தி வைக்கத்தான் வாங்க வேண்டும்.

சான்றிதழ் மே மாதம் முடிகிறது என்றீர்கள். சான்றிதழ் உயிரோடு இருக்கும்போது அது விமானம். வருகிறவர் பொறியியலாளரோடு வந்து பார்ப்பார், துகள் விஷயத்தில் அவர் சரி சொன்னால் ஒரு சுற்றும் பறக்கலாம். முடிந்த பிறகு லொறியில் ஏற்ற வேண்டிய சாமான். விலை இறங்குவது படிப்படியாக இல்லை, அந்தத் திகதியில் ஒரேயடியாக விழும்.

ஓவர்ஹோல் செய்துவிட்டு விற்போம் என்று யாராவது நடுவழி சொல்வார்கள். கேட்காதீர்கள். போட்ட 30,000-இல் பாதி விலையில் திரும்பினாலே பெரிது.

களுவாஞ்சிக்குடி மெக்கானிக்

பிரித்து விற்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய விமானத்தில் காசு இருப்பது புரொப்பெல்லரிலும் ரேடியோக்களிலும் ரேடாருக்குப் பதில் அனுப்பும் டிரான்ஸ்பொண்டரிலும் கதவு, சில்லுக்கால் போன்றவற்றிலும். ஸ்பார் துளை சுத்தம் என்று தாளோடு நிரூபித்த இறக்கைக்கு நல்ல கேள்வி இருக்கிறது, இடித்தவர்கள் தேடுவார்கள். பழைய எஞ்சினும் குப்பை இல்லை, ஓவர்ஹோல் செய்கிற இடங்கள் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் நீங்களே பிரிக்க வேண்டாம். ஒவ்வொரு பாகமும் தாளோடு போனால்தான் விலை. பிரிப்பதே தொழிலாக உள்ளவர்களிடம் மொத்தமாகக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் தொகைதான் உங்கள் அடிமட்ட விலை.

ரேடியோ 8.33 கிலோஹேர்ட்ஸ் இடைவெளியில் அலைவரிசை பிடிக்கும் புது வகைதானே? அதுவும் மாறாவிட்டால் இன்னும் இறங்கும்.

கல்லடியான்

ரேடியோ மாற்றிவிட்டோம். அதற்கும் அன்றைக்கு ஒரு சண்டை.

ஒப்பந்தத்தைத் தேடி எடுத்தேன். விற்க மூன்று வாக்கு போதும். காக்கா சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதி நாலு பேருக்கும் அனுப்பியிருக்கிறேன், மார்ச் கடைசி வரை நேரம் கொடுத்து.

ஆரையம்பதி இளசு

காக்காவின் மாமா இங்கிலாந்து வரைக்கும் போய்விட்டார்!

கல்லடியான்

இன்றைய நிலைமையை எழுதுகிறேன், நிறையப் பேர் தனியாகக் கேட்டிருந்தீர்கள்.

லொக் புத்தகங்கள் கிடைத்தன. பள்ளிக் காலத்துப் பரிசோதனைகளை எண்ணினால் 5,000-ஐத் தாண்டுகிறது. ஆக, போல்ட் கழற்றத்தான் வேண்டும். அந்தச் செலவை மட்டும் ஐந்து பேரும் பகிர்ந்து செய்தோம், ஏனென்றால் பறக்க வைத்தாலும் விற்றாலும் பிரித்தாலும் அந்தத் தாள் தேவை. துளைகள் சுத்தம்.

அடுத்து விலை. எஞ்சின் செய்ய வேண்டும் என்று நின்ற இருவரும் முதலில் ஒரு பெரிய தொகை சொன்னார்கள். "சரி, அந்த விலைக்கு எங்கள் மூன்று பங்கையும் எடுங்கள்" என்றோம். இரண்டு நாள் சத்தமில்லை. பிறகு வந்த தொகை முதல் சொன்னதில் பாதிக்குச் சற்று மேல். அந்த விலைக்கும் எடுக்க மாட்டோம், விற்பதற்கு இணங்குகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். கோபமில்லை, ஒருத்தர் சிரித்துக்கொண்டே பேசினார், அவர் மனைவிக்கு நிம்மதியாம்.

விமானம் பிரிக்கிறவர்களிடமும் கேட்டோம், அடிமட்டம் தெரிந்தது. விளம்பரத்தில் எஞ்சினைப் பற்றி ஒன்றும் ஒளிக்காமல் ஃபில்டர் படத்தையே போட்டோம். பார்க்க வந்தவர்களில் உரிமம் பெற்ற பொறியியலாளர் ஒருவர். எஞ்சினைத் தன் கையாலேயே பிரித்துச் செய்யப் போகிறவர், கூலி அவருக்குச் செலவில்லை. இறக்கைத் தாளைத்தான் இரண்டு முறை வாசித்தார். பிரிக்கிறவர்கள் சொன்னதை விடக் கணிசமாகக் கூடுதல் தருகிறார். முற்பணம் வந்துவிட்டது.

ஸ்கார்பரோ தம்பி, மன்னிக்க வேண்டும்.

ஸ்கார்பரோ செட்டிபாளையம்

பரவாயில்லை அண்ணன். ஆனால் அந்த மனுஷன் கோடையில் அதைப் பறக்க வைத்துப் படம் போடும்போது உங்களுக்கு வயிறு எரியும், பாருங்கள்.

ஹரோ மட்டுநகரான்

அண்ணன், மிச்சக் காசு வங்கியில் விழுந்த பிறகுதான் கையெழுத்து. விற்பனைப் பத்திரத்தில் திகதியோடு நேரமும் எழுதுங்கள், அந்த நேரம் வரை உங்கள் காப்புறுதி ஓட வேண்டும். விமானத்தின் மேல் அடமானம் எதுவும் பதியப்படவில்லை என்று வாங்குகிறவர் பார்ப்பார், நீங்களும் முந்திப் பார்த்து வையுங்கள். உரிமை மாறியதை விமான அதிகார சபைக்கு நீங்கள் ஐவரும் அறிவிக்க வேண்டும், வாங்கியவர் செய்வார் என்று விடாதீர்கள். எஞ்சின் நிதி என்று கணக்கில் ஏதும் சேர்த்திருந்தால் அதையும் ஐந்தாகப் பிரிக்க மறக்க வேண்டாம்.

கல்லடியான்

எஞ்சின் நிதியில் கொஞ்சம் இருக்கிறது, ஸ்பார் செலவு போக. பத்திரம் நாளைக்குக் கூரியரில் வருகிறது. கையெழுத்துக்குச் சாட்சி யாராவது வேண்டுமாம், வாவிமகள் பிள்ளை, நீங்கள் டவுனில்தானே?

வாவிமகள்

டவுனில்தான் ஐயா. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வாங்கள்.